புற்றுநோய் அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்றுதல்

புற்றுநோய் அறுவை சிகிச்சையில் ரத்த மேலாண்மை என்பது, கட்டியை அகற்றும் அறுவைக்கு முன்பும் அறுவையின்போதும் பின்பும் நோயாளியின் சொந்த ரத்தத்தை இயன்றவரை காப்பாற்றி, பிறருடைய ரத்தத்தைத் தேவைப்படும் இடத்தில் மட்டும், தேவைப்படும் அளவில், பிழையின்றி ஏற்றும் மருத்துவ நடைமுறை ஆகும். அறுவை சிகிச்சை நிபுணர், மயக்கவியல் மருத்துவர், ரத்த மைய மருத்துவர், செவிலியர் ஆகிய நால்வரும் இதில் பங்குபெறுகின்றனர். உலக சுகாதார அமைப்பின் பேரவை 2010-இல் நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று இந்த அணுகுமுறையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

திருநெல்வேலி டவுணில் ரத வீதிகளைச் சுற்றியோ பேட்டையிலோ வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த விஷயம் வேறு வடிவில் அறிமுகமாகிறது. வயிற்றிலோ குடலிலோ கட்டி என்று தெரிந்து, அறுவைக்கு நாள் குறித்ததும் அவர்கள் கேட்கும் முதல் செய்தி, இரண்டு அல்லது மூன்று யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே. அன்று மாலையே உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் போகும். வாட்ஸ்அப் குழுக்களில் ரத்த வகையும் மருத்துவமனைப் பெயரும் பரவும். அந்த ரத்தம் உண்மையில் தேவைதானா, யாரிடமிருந்து வருவது நல்லது, ஏற்றினால் என்ன ஆகும், ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு அந்த ஓட்டத்தில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

வட்டாரப் பின்னணி

தாமிரபரணிக் கரை மக்களுக்கு உயர் சிகிச்சைக்கான முதன்மை அரசு மருத்துவமனை, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டது. வட்டாரப் பேச்சில் இது வெறும் 'ஐகிரவுண்டு'. தனியார் மருத்துவமனைகள் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் செறிந்துள்ளன. புற்றுநோய்க்காக நாகர்கோவில் வழியே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்லும் வழக்கமும், ரயிலேறிச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குச் செல்லும் வழக்கமும் இங்கு நெடுங்காலமாக உண்டு. முன்னது 1981-இலும் பின்னது 1954-இலும் நிறுவப்பட்டவை.

தென்கோடியில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறு இன்னும் பழையது. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஐ. எம். ஆர், வெற்றிலை பாக்கு புகையிலை மெல்வோரின் வாய்ப்புற்று பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் பல ஆண்டுகள் பணிபுரிந்ததும் இதே மருத்துவமனைதான். வாய், கருப்பை வாய், மார்பகம், இரைப்பை ஆகிய உறுப்புகளில் வரும் புற்றுகள் தமிழ்நாட்டில் இன்றும் அதிகம் காணப்படுகின்றன. இவற்றுள் இரைப்பைப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும் கட்டியிலிருந்தே ரத்தம் கசிய வைப்பவை.

ரத்தசோகை முன்னரே வந்துவிடுகிறது

ஹீமோகுளோபின் அளவு ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உண்டு. அதாவது, புற்றுநோய் வருவதற்கு முன்பே பாதிப் பெண்கள் குறைந்த இருப்புடன்தான் இருக்கிறார்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுதும் குனிந்து பீடி சுற்றும் ஒரு பெண், களைப்பையும் மூச்சிரைப்பையும் வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொள்வார். மாதவிடாய் நின்ற பிறகு வரும் உதிரப்போக்கைக்கூட 'சூடு' என்று சொல்லித் தள்ளிப்போடுவது வழக்கம். மருத்துவரிடம் வரும்போது ஹீமோகுளோபின் 7 அல்லது 8-இல் நிற்கும்.

புற்றுநோய் இதன்மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. கட்டியிலிருந்து ரத்தம் கசிவது ஒரு காரணம். பசியின்மையால் உணவு குறைவது இன்னொன்று. கீமோதெரபி மருந்துகள் எலும்பு மஜ்ஜையை அடக்குகின்றன. இவை தவிர, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றும் உண்டு. நாள்பட்ட அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. உடலில் சேமிக்கப்பட்ட இரும்பையும் வெளியே விடாமல் பூட்டி வைக்கிறது. பெட்டியில் பணம் இருந்தும் சாவி இல்லாத நிலை. இத்தகைய நோயாளிக்கு ஃபெரிட்டின் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும். டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைப் பார்த்தே உண்மையான குறைபாட்டை அறிய முடியும். இரும்பு மாத்திரை தின்றும் ஏறவில்லை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். உணவுடன் டீ குடிப்பது இன்னொரு காரணம். தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

மாதுளையும் பீட்ரூட்டும் ரத்தம் ஊறவைக்கும் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. அவற்றின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. முருங்கைக்கீரை, சுவரொட்டி, ஈரல் போன்றவை நல்ல உணவுகளே. ஆனால் மூன்று வாரத்தில் அறுவை வைத்திருக்கும் ஒருவரின் குறைபாட்டை உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

தேவையான இரும்பைக் கணக்கிட கன்சோனி சூத்திரம் பயன்படுகிறது. உடல் எடையை, அடைய வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போதுள்ளதற்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8-இலிருந்து 13-க்கு உயர வேண்டுமானால் 1,100 மில்லிகிராம் இரும்பு தேவை. மாத்திரை வழியே இதைக் கொடுக்க மாதங்கள் ஆகும். நரம்பு வழியே ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற மருந்தை ஒரே முறையில் 1,000 மில்லிகிராம் வரை செலுத்தலாம். விலை குறைந்த அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு முறைக்கு 200 மில்லிகிராம் வீதம் பலமுறை வர வேண்டும். வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வரும் நோயாளிக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

இதிலும் மிகைப்படுத்த ஒன்றுமில்லை. பெரிய வயிற்று அறுவைக்கு முன் நரம்பு வழி இரும்பு கொடுத்துப் பிரிட்டனில் நடந்த பிரிவென்ட் ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் உயர்ந்தபோதிலும், ரத்தம் ஏற்றும் தேவையோ இறப்போ குறையவில்லை. அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் ஹீமோகுளோபின் நன்றாக இருந்தது. வீடு சென்றவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறைந்தது. ஆக, இரும்பு ஊசி ரத்தப் பைக்கு மாற்று அல்ல. உண்மையான இரும்புக் குறைபாடு உள்ளவரைத் தேர்ந்தெடுத்து, நேரம் இருக்கும்போது கொடுத்தால்தான் பயன். மார்பகம், மலக்குடல் போன்ற புற்றுகளில் அறுவைக்கு முன்பே கீமோதெரபியோ கதிர்வீச்சோ கொடுக்கும் சில மாதங்கள் இதற்கு ஏற்ற காலம். அந்த மாதங்களை வீணாக்கிவிட்டு, அறுவைக்கு முந்தைய நாள் அவசரமாக இரண்டு பை ஏற்றுவது பல இடங்களில் நடக்கிறது.

எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி சிறுநீரக நோயாளிகளுக்குப் பழக்கமானது. புற்றுநோயாளிகளில் அது ரத்தக்கட்டு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. சில புற்றுகளில் கட்டி வளர்ச்சியையும் உயிர் பிழைப்பையும் பாதிக்கலாம் என்று 2007-இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை விடுத்தது. குணப்படுத்தும் நோக்குடன் அறுவை செய்யப்படுவோருக்கு அதனால் அதைப் பொதுவாகத் தவிர்க்கின்றனர். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு இழக்கலாம்

மயக்கவியல் மருத்துவர் அறுவைக்கு முன் போடும் கணக்கு ஒன்று, ரத்தசோகையை முன்கூட்டியே சரிசெய்வதன் பயனை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டும். பெண்ணின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 65 மில்லி ரத்தம் உண்டு. 50 கிலோ என்றால் 3,250 மில்லி. அவருடைய ஹீமோகுளோபின் 12 என்றும், 8 வரை இறங்க விடலாம் என்றும் வைத்துக்கொண்டால், 3,250-ஐ 4-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க, சுமார் 1,080 மில்லி வரும். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலும், நரம்பு வழித் திரவங்களைக் கொண்டு அளவைச் சமன்செய்து, பிறர் ரத்தம் இல்லாமல் அவர் மேசையிலிருந்து இறங்க முடியும். அதே பெண் ஹீமோகுளோபின் 9-உடன் வந்திருந்தால் விடை சுமார் 360 மில்லிதான். இரைப்பையையோ மலக்குடலையோ அகற்றும் அறுவையில் அவ்வளவு ரத்தம் எளிதில் போய்விடும். அதே அறுவை, அதே மருத்துவர், அதே அளவு ரத்த இழப்பு; ஒருவருக்கு ஒரு பையும் வேண்டாம், மற்றவருக்கு இரண்டு பை வேண்டும்.

அறுவை அரங்கில்

ரத்த இழப்பைக் குறைக்கும் முதல் கருவி அறுவை நிபுணரின் கைதான். திசுப் படலங்களுக்கு இடையே சரியான தளத்தில் பிரிப்பதும், நாளங்களை வெட்டுவதற்கு முன்பே கட்டுவதும் எந்த மருந்தையும் விடப் பெரியவை. மின்காய்ச்சுக் கருவிகளும் லேப்ராஸ்கோப்பி முறையும் இதற்குத் துணை செய்கின்றன. நோயாளியின் உடல் குளிர்ந்துவிட்டால் ரத்தம் உறையும் திறன் குறையும். அதனால் குளிரூட்டப்பட்ட அரங்கில் வெதுவெதுப்பான காற்றுப் போர்வையும் சூடாக்கிய திரவங்களும் பயன்படுத்தப்படுகின்றன. கல்லீரல் அறுவையில் மைய சிரை அழுத்தத்தைக் குறைவாக வைத்திருப்பதால் இழப்பு குறைகிறது.

மலிவான மருந்து ஒன்றும் உண்டு. ஜப்பானிய மருத்துவத் தம்பதியரான உடாகோ ஒகமோட்டோவும் ஷோசுகே ஒகமோட்டோவும் 1962-இல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம், உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கிறது. இதய அறுவை அல்லாத அறுவைகளுக்கு உள்ளான 9,535 பேரிடம் நடந்த போய்ஸ்-3 ஆய்வில் (2022) பெரும் ரத்தக்கசிவு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைந்தது. புற்றுநோயாளிகளுக்கு ரத்தக்கட்டு வாய்ப்பு இயல்பாகவே அதிகம் என்பதால், யாருக்குக் கொடுப்பது என்பதில் மருத்துவர்கள் இன்னும் கவனமாகவே இருக்கின்றனர்.

அறுவையில் வழியும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அதே நோயாளிக்குத் திருப்பி ஏற்றும் கருவிகள் இதய அறுவையில் வழக்கமானவை. புற்றுநோய் அறுவையில், கட்டியின் செல்களையும் சேர்த்து உடலுக்குள் பரப்பிவிடுவோமோ என்ற அச்சம் நெடுங்காலம் தடுத்தது. வெள்ளணு வடிகட்டியைச் சேர்த்துப் பயன்படுத்தினால் அந்த வாய்ப்பு பெரிதும் குறைகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இல் புராஸ்டேட், சிறுநீர்ப்பை அகற்றும் அறுவைகளில் இம்முறையை ஏற்றுக்கொண்டது. கருவியும் ஒருமுறைப் பயன்பாட்டுக் குழாய்த் தொகுதியும் விலை அதிகமானவை என்பதால் மாவட்ட அளவில் இது இன்னும் அரிது.

எந்த அளவில் ஏற்றுவது

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக எழுதாத விதியாக இருந்தது. கனடாவில் ஹெபர்ட் குழுவினர் தீவிர சிகிச்சைப் பிரிவில் 838 நோயாளிகளிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. 7 வரை காத்திருந்தவர்கள், 10-இலேயே ஏற்றிக்கொண்டவர்களைவிட மோசமாக இல்லை. இன்றைய வழிகாட்டு நெறிகள் பெரும்பாலும், நிலையாக உள்ள நோயாளிக்கு 7 என்றும், இதய நோய் உள்ளவருக்கு 8 என்றும் கூறுகின்றன.

ஆனால் புற்றுநோய் அறுவைக்கென்றே நடந்த ஓர் ஆய்வு வேறு பக்கம் சாய்கிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில், பெரிய வயிற்றுப் புற்று அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சையில் இருந்த 198 பேரை இரண்டாகப் பிரித்தனர். 7-இல் ஏற்றிய குழுவில் 35.6 சதவீதத்தினருக்கு இறப்போ கடும் சிக்கலோ நேர்ந்தது. 9-இல் ஏற்றிய குழுவில் அது 19.6 சதவீதம். 2015-இல் வெளியான இந்த முடிவு ஒரே மருத்துவமனையைச் சேர்ந்தது, எண்ணிக்கையும் சிறியது. ஆயினும் 7 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் பொருத்தக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், தொடர்ந்து கசிகிறதா என்பவற்றைப் பார்த்தே நல்ல மருத்துவர் முடிவெடுப்பார்.

ஒரு பை செங்குருதியணு ஹீமோகுளோபினை ஏறத்தாழ 1 கிராம் உயர்த்தும். எடை குறைந்தவர்களுக்கு இன்னும் சற்று அதிகம். ஒரு பை மட்டும் ஏற்றுவதாக இருந்தால் ஏற்றவே வேண்டாம் என்று பழைய மருத்துவப் பாடம் சொல்லும். இன்றைய பாடம் அதற்கு நேர் எதிர். கசிவு நின்றுவிட்ட நோயாளிக்கு ஒரு பை ஏற்றி, மீண்டும் சோதித்து, பிறகே அடுத்ததை முடிவு செய்ய வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியா 2008-இல் இத்தகைய மேலாண்மையை மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. சுமார் 6 லட்சம் நோயாளிகளை உள்ளடக்கிய அதன் மதிப்பீட்டில், ஒரு நோயாளிக்கு ஏற்றும் ரத்தப் பொருள்களின் அளவு 41 சதவீதம் குறைந்தது.

எல்லாக் கணக்கும் நிலையான நோயாளிக்கே. மேசையில் பெருநாளம் கிழிந்து ரத்தம் பீறிடும்போது எண்ணைப் பார்த்துக் காத்திருப்பவர் எவருமில்லை. செங்குருதியணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் சமச்சீராக விரைந்து ஏற்றுவதே அங்கு உயிர் காக்கும். அப்போது ரத்த மையத்தின் குளிர்பெட்டியில் பை இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

ஏற்றிய ரத்தம் புற்றுநோயைத் திரும்ப வரவழைக்குமா

இந்த ஐயம் சிறுநீரக மாற்று அறுவையில் தொடங்கியது. ரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடல் மாற்றுச் சிறுநீரகத்தை எளிதில் ஏற்றுக்கொள்கிறது என்று ஓபெல்ஸ் 1973-இல் காட்டினார். பிறர் ரத்தம் நோயெதிர்ப்பாற்றலைத் தணிக்கிறது என்பதே அதன் பொருள். சிறுநீரகத்துக்கு அது நன்மை; எஞ்சியிருக்கும் புற்றுச் செல்களைத் தேடி அழிக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தணிந்தால் அது தீமை ஆகாதா என்ற கேள்வி 1981-இல் 'லான்செட்' இதழில் எழுந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகள், பெருங்குடல் புற்று அறுவையில் ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் மீள்வது அதிகம் என்று கண்டன. 2006-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்த மதிப்பாய்வும் அந்தத் தொடர்பை உறுதி செய்தது.

தொடர்பு உண்டு என்பதும் காரணம் என்பதும் ஒன்றல்ல. கட்டி பெரிதாக இருந்தவருக்கு, அறுவை கடினமாக இருந்தவருக்கு, முன்பே மெலிந்திருந்தவருக்குத்தான் ரத்தம் ஏற்ற நேர்கிறது. நோய் மீளும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். நெதர்லாந்தில் புஷ் குழுவினர் 475 நோயாளிகளிடம், ஒரு சாராருக்கு அவர்களிடமிருந்தே முன்கூட்டி எடுத்துவைத்த ரத்தத்தையும் மறு சாராருக்குப் பிறர் ரத்தத்தையும் பயன்படுத்தி 1993-இல் முடிவை வெளியிட்டனர். இரு சாராருக்கும் நோயின் போக்கில் வேறுபாடு இல்லை. இன்றைய நிலையில் நேர்மையான விடை, தேவையின்றி ஏற்றுவதைத் தவிர்க்க இந்த ஐயம் போதும். தேவையானபோது மறுக்க இது போதாது. ரத்தம் ஏற்றினால் புற்று பரவிவிடும் என்று பயந்து, ஹீமோகுளோபின் 6-இல் உள்ள தாய்க்கு ரத்தம் வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு மேற்கண்ட எந்த ஆய்விலும் ஆதாரம் இல்லை.

சொந்த பந்தத்தின் ரத்தம்

நம் பிள்ளையின் ரத்தம்தான் நமக்குச் சேரும், ஊர் பேர் தெரியாதவன் ரத்தம் வேண்டாம் என்ற எண்ணம் திருநெல்வேலிப் பக்கம் வலுவானது. பாசத்தில் பிறந்த எண்ணம்தான். மருத்துவ நோக்கில் இதுவே பெரிய ஆபத்து.

கொடுப்பவரின் ரத்தத்தில் உயிருள்ள வெள்ளணுக்கள் சில உள்ளன. அந்நியர் ரத்தம் என்றால், நோயாளியின் உடல் அவற்றை அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். மகனோ சகோதரனோ கொடுத்தால், திசு அடையாளங்கள் ஒத்திருப்பதால் நோயாளியின் உடல் அவற்றை அந்நியமாகக் காணாமல் விட்டுவிடலாம். ஆனால் அந்த வெள்ளணுக்கள் நோயாளியின் உடலை அந்நியமாகக் காணும். அவை பெருகி, தோலையும் குடலையும் கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கு எனத் தொடங்கும் இந்த நோய் மிக அரிது. வந்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறக்கின்றனர். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் தலைமுறைகளாக உள்ள சமூகங்களில் உறவினரிடையே திசு அடையாளங்கள் ஒத்துப்போகும் வாய்ப்பு இன்னும் கூடுதல். கீமோதெரபியால் எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிக்கு ஆபத்து மேலும் ஏறும்.

இதைத் தடுக்கும் வழி, பையை 25 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது. வெள்ளணு வடிகட்டி மட்டும் போதாது. அத்தகைய கருவி எல்லா ரத்த மையங்களிலும் இல்லை. எளிய வழி, ரத்த உறவினரின் பையை அந்த நோயாளிக்கே கொடுக்காமல் பொது இருப்பில் சேர்த்து, வேறொருவரின் பையை அவருக்குக் கொடுப்பதே. நான் கொடுத்த ரத்தம் அம்மாவுக்குப் போகவில்லையே என்று ரத்த மையத்தில் சண்டையிடும் மகனுக்கு, போகாதது நல்லது என்பதை விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணுக்குக் கணவரின் ரத்தத்தையும் தவிர்ப்பார்கள். பின்னாளில் கருவைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் உருவாகலாம் என்பதே காரணம்.

'புது ரத்தம்' வேண்டும் என்ற கேட்பும் இதைப் போன்றதே. செங்குருதியணுக்கள் தகுந்த சேர்மானக் கரைசலில் 2 முதல் 6 டிகிரி வெப்பத்தில் 42 நாள் வரை காக்கப்படும். புதிய பையும் பழைய பையும் ஒப்பிடப்பட்ட ஏபிள் (2015), இன்ஃபார்ம் (2016) ஆய்வுகளில் இறப்பில் வேறுபாடு இல்லை. இரண்டாவது ஆய்வில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

பெயரும் பையும்

ரத்தம் ஏற்றுவதில் உயிரைப் பறிக்கும் பிழை, பெரும்பாலும் ஆய்வகத்தில் நேர்வதில்லை, படுக்கையருகே நேர்கிறது. ஒருவருக்கு எடுத்த மாதிரியில் இன்னொருவர் பெயரை ஒட்டுவது, ஒருவருக்கான பையை அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு மாட்டுவது ஆகியவையே வகை மாறிய ரத்தம் ஏறுவதற்கு வழிசெய்கின்றன. திருநெல்வேலி வார்டு ஒன்றில் ஒரே நேரத்தில் இரண்டு இசக்கியம்மாள், மூன்று சுடலைமுத்து இருப்பது வியப்பல்ல. காந்திமதி, நெல்லையப்பன், மாரியம்மாள் என்று தெய்வத்தின் பெயரையே வைக்கும் ஊரில் பெயரை மட்டும் நம்ப முடியாது. தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவை கைப்பட்டையிலும் பையிலும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பேர் படித்துச் சரிபார்க்க வேண்டும். 'நீங்கதானே இசக்கியம்மாள்?' என்று கேட்கக் கூடாது. காது கேளாதவரும் தலையாட்டுவார். 'உங்க பேரு என்ன?' என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்த பையை 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, செவிலியர் அருகில் இருந்து கவனிப்பார். குளிர் நடுக்கம், முதுகுவலி, அரிப்பு, மூச்சுத்திணறல், சிறுநீர் கறுத்துப்போவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்த வேண்டும். மெலிந்த முதியவர்களுக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். இரவில் உடனிருக்கும் உறவினர் கண்ணயராமல் பார்த்திருந்து செவிலியரைக் கூப்பிட்டதால் காப்பாற்றப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

ரத்தம் வரும் வழி

காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பியே இந்திய மருத்துவமனைகள் ஒரு காலத்தில் இயங்கின. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4-இல் அளித்த தீர்ப்பு அதை மாற்றியது. 1998 ஜனவரி 1 முதல் தொழில்முறைக் கொடையாளர் முறை தடைசெய்யப்பட்டது. 2002-இல் வந்த தேசிய ரத்தக் கொள்கை, உறவினர் ஈடுகட்டும் முறையையும் படிப்படியாக ஒழித்துத் தன்னார்வக் கொடைக்கு மாறச் சொன்னது. இலங்கை 2014-இலேயே முழுவதும் தன்னார்வக் கொடைக்கு மாறிவிட்டது. இங்கு ஆள் கூட்டி வரும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. நெருக்கடியில் கூட்டிவரப்படும் உறவினர் தனக்கு வந்த மஞ்சள் காமாலையையோ வேறு பழக்கங்களையோ மறைக்கக்கூடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தானாக வந்து கொடுப்பவரின் ரத்தம் பாதுகாப்பானது என்று சொல்வதன் காரணம் இதுவே.

கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளைப் போன்ற கல்வி நிறுவனங்களின் மாணவர்களே முகாம்களின் முதுகெலும்பு. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுமுறை விட்டதும் முகாம்கள் குறைந்து கையிருப்பும் இறங்கிவிடும். தட்டணுக்களின் ஆயுள் வெறும் 5 நாள் என்பதால் அவற்றைச் சேர்த்தும் வைக்க முடியாது. ரீசஸ் எதிர்வகை ரத்தம் நூற்றில் ஐந்தாறு பேருக்குத்தான் உண்டு. அந்த வகை நோயாளியின் அறுவை நாளையே கையிருப்பைப் பார்த்துத்தான் குறிக்க நேரும். பென்டே குழுவினர் 1952-இல் கண்டறிந்த பம்பாய் வகையினருக்கு வெளியூரிலிருந்து கொடையாளரைத் தேட வேண்டியிருக்கும். எந்த மையத்தில் எத்தனை பை உள்ளது என்பதை 2016-இல் தொடங்கிய 'இ-ரக்த்கோஷ்' அரசு இணையதளத்தில் பார்க்கலாம். ரத்தத்துக்கு விலை கிடையாது. பரிசோதனை, பதப்படுத்தும் செலவுக்கான கட்டணத்தை மட்டுமே மையங்கள் வாங்கலாம்.

அறுவைக்குப் பின்

அறுவை முடிந்தபின் ரத்தம் போகும் வழிகளில் ஒன்று பலர் எண்ணாதது: அன்றாடம் பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தம். தீவிர சிகிச்சையில் இருப்பவரிடம் நாளுக்குப் பலமுறை எடுத்தால், ஒரு வாரத்தில் கணிசமான அளவு போய்விடும். சிறிய குழாய்களைப் பயன்படுத்துவதும், தேவையற்ற சோதனைகளை நிறுத்துவதும் செலவில்லாத சிகிச்சை. இரைப்பை முழுவதையும் அகற்றியவருக்குப் பி12 சத்து உறிஞ்சப்படாது. வாழ்நாள் முழுதும் அதை ஊசியாகவோ மருத்துவர் சொல்லும் வேறு வகையிலோ எடுக்க வேண்டும். அதை மறந்து இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கால் மரத்து, ரத்தசோகையுடன் வருபவர்கள் உண்டு.

வீடு திரும்பும்போது தரும் சுருக்கச் சீட்டில் எத்தனை பை, எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது, ஒவ்வாமை ஏதும் நேர்ந்ததா, ரத்தத்தில் எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டதா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை உருவான எதிர்ப்பொருள் சில மாதங்களில் சோதனைக்குத் தெரியாத அளவுக்கு மறைந்துவிடும். அடுத்த முறை வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், பொருந்தாத பை ஏறியதும் அது மீண்டும் கிளம்பும். திருநெல்வேலியில் அறுவையும் திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சும் எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கு, இரு மருத்துவமனைகளுக்கும் இடையே அந்தத் தகவலைக் கொண்டுசெல்வது மஞ்சள் பைக்குள் இருக்கும் அந்த ஒரு சீட்டுதான்.